மெழுகு முகங்களும் மர முகங்களும்

1846 அக்டோபரில், தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் குன்றுகளின் மேலிருக்கும் அப்பார்க் மாளிகையில் சர் ஹாரி ஃபெதர்ஸ்டன்ஹா காலமானார். அப்போது அவருக்கு 91 வயது. பட்டத்தை ஏற்க மகன் இல்லை. 1747இல் அவருடைய தந்தை பெற்ற பேரோனெட் பட்டம், இரண்டு தலைமுறையே கண்டு, நூறு ஆண்டு நிறைவதற்குள் அவரோடு முடிந்துபோனது. மாளிகையும் நிலமும் அவருடைய மனைவிக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மனைவி மேரி ஆன் புல்லக். அதே மாளிகையின் பால் அறையில் வெண்ணெய் கடைந்தவர்.

வம்சாவளிப் புத்தகங்கள் இப்படிப்பட்ட குடும்பத்தைச் சில வரிகளில் முடித்துவிடும். இன்னாருக்குப் பிறந்தார், இன்னாரை மணந்தார், சந்ததியின்றி இறந்தார், பட்டம் அற்றுப்போனது. மரம் பட்டுவிட்டது என்பதுபோல அந்த வரி நிற்கும். ஆனால் அப்பார்க்கில் எதுவும் பட்டுப்போகவில்லை. வீடு நின்றது, பெயர் நின்றது, திரைச்சீலைகூட நின்றது. ஹாரிக்குப் பின் நூறாண்டுகளுக்கும் மேலாக அந்த வீட்டைக் காத்தவர்களில் ஒருவர் உடம்பிலும் ஃபெதர்ஸ்டன்ஹா இரத்தம் ஓடியதாகக் குடும்ப வரலாறு காட்டவில்லை. ஒரு குடும்பம் எதனால் தொடர்கிறது என்ற கேள்விக்கு இவ்வளவு தெளிவாகப் பதில் தரும் வீடுகள் குறைவு. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பட்டத்திலிருந்து தொடங்குவோம். பேரோனெட் பட்டத்தை 1611இல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் ஏற்படுத்தினார். அவருக்கு அயர்லாந்தின் அல்ஸ்டர் பகுதியில் படை வைக்கப் பணம் வேண்டியிருந்தது. முப்பது படைவீரர்களை மூன்று ஆண்டுகள் பராமரிக்கும் செலவான 1,095 பவுண்டைச் செலுத்தக்கூடிய, ஆண்டுக்கு ஆயிரம் பவுண்டு நில வருமானமுள்ள, நல்ல குடியில் பிறந்த ஆண்களுக்கு இந்தப் பட்டம் கிடைத்தது. நாளொன்றுக்கு ஒரு பவுண்டு என்று மூன்றாண்டுக்குக் கணக்குப் போட்டால் அந்தத் தொகை வந்துவிடும். பேரோனெட் பிரபு ஆகமாட்டார், பிரபுக்கள் சபையில் அவருக்கு இருக்கை கிடையாது. ஆனால் பெயருக்கு முன்னால் ‘சர்’ வரும், மனைவி ‘லேடி’ ஆவார், பட்டம் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கும். மகள் எத்தனை பேர் இருந்தாலும் அவர்கள் பக்கம் அது திரும்பாது. பணத்தில் பிறந்த ஒரு பட்டம், காலப்போக்கில் இரத்தத்தின் பெருமையாகப் பேசப்பட்டது.

ஃபெதர்ஸ்டன்ஹா குடும்பத்திலும் பட்டத்துக்கு வித்திட்டது பணம்தான். சர் ஹென்றி ஃபெதர்ஸ்டன் என்ற பிள்ளையில்லாத செல்வந்தர் 1746இல் இறந்தார். அவருடைய சொத்து சுமார் நான்கு லட்சம் பவுண்டு, அன்றைய நிலையில் மலைக்க வைக்கும் தொகை. தூரத்து உறவான வடநாட்டு இளைஞர் மேத்யூவுக்கு அவ்வளவையும் எழுதி வைத்தார், இரண்டு நிபந்தனைகளோடு. மேத்யூ ஒரு பேரோனெட் பட்டம் பெற வேண்டும், தென் இங்கிலாந்தில் ஒரு பண்ணை மாளிகையை வாங்க வேண்டும். மேத்யூ இரண்டையும் உடனே நிறைவேற்றினார். 1747 ஜனவரியில் பட்டம் வந்தது. அதே ஆண்டில் டாங்கர்வில் பிரபு குடும்பத்திடமிருந்து அப்பார்க்கை 19,000 பவுண்டுக்கு வாங்கினார்.

இந்த வம்சத்தின் முதல் அசைவே ஓர் உயில் என்பதைக் கவனிக்க வேண்டும். பிள்ளை பெறாத ஒரு மனிதர், தன் சாவுக்குப் பின் தன் பெயரின் சாயல் எங்காவது நிலத்தில் ஊன்றி நிற்க வேண்டும் என்று விரும்பினார். தன் மூலம் அது நடக்காது என்று தெரிந்ததும் காகிதத்தின் மூலம் நடத்திக்கொண்டார். நூற்றைம்பது ஆண்டுகள் கழித்து இதே வீட்டில் இன்னொருவர் இதையே செய்யப்போகிறார்.

மேத்யூ 1746இன் இறுதியில் சாரா லெத்யூலியேவை மணந்தார். சாராவின் முன்னோர்கள் மதக் கொடுமைக்குத் தப்பி ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறிய புராட்டஸ்டன்டுகள், லண்டனில் வணிகம் செய்து செழித்தவர்கள். வடநாட்டு நிலக்கிழார் குடும்பமும் அகதி வழிவந்த வணிகக் குடும்பமும் சேர்ந்த திருமணம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் ஆங்கில மாளிகைகள் பலவற்றின் சுவருக்குப் பின்னால் இப்படியொரு வணிகரின் மகள் இருப்பார். நிலம் மரியாதை தரும், கையில் காசு தராது. அதைத் திருமணம் கொண்டுவந்து சேர்க்கும்.

அன்றைய ஆங்கிலப் பொதுச் சட்டப்படி மணமான பெண்ணுக்குத் தனியான சட்ட இருப்பு கிடையாது. அவருடைய அசையும் சொத்து கணவனுடையது ஆகிவிடும், நிலத்தின் நிர்வாகமும் அவன் கைக்குப் போகும். வசதியுள்ள பெற்றோர்கள் திருமணத்துக்கு முன்பே ஒப்பந்தம் எழுதி, மகள் விதவையானால் பண்ணை வருமானத்திலிருந்து ஆண்டுதோறும் இவ்வளவு ஜீவனாம்சம் என்று உறுதி வாங்கிக்கொள்வார்கள். நிலம் மூத்த மகனுக்கு முழுசாகப் போகும்படியும், நடுவில் எவரும் விற்காதபடியும் தலைமுறைகளைக் கட்டிப்போடும் ஏற்பாடுகள் இருந்தன. பெண் அந்த வீட்டுக்குள் வருவார், வாரிசைப் பெறுவார், கணவன் போனபின் ஒரு தொகையோடு ஒதுங்குவார். பண்ணையின் கண்ணுக்கு அவர் ஒரு வழிப்போக்கர்.

சாரா அப்பார்க்குக்குக் கொண்டுவந்த பொருள்களில் ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. பெரியதொரு பொம்மை வீடு. மூன்று தளம், தளத்துக்கு மூன்று அறை, சுவரில் ஓவியங்கள், மேசையில் குட்டி வெள்ளிப் பாத்திரங்கள், முகப்பில் அவர் பிறந்த குடும்பத்தின் மரபுச் சின்னம். அறைகளில் பொம்மை மனிதர்கள். அவர்களில் எஜமானர்களுக்கு மெழுகு முகம். வேலைக்காரர்களுக்கு மர முகம். மெழுகு உருகிப் பதமாகும், தோலின் நிறத்தை ஏற்கும், ஒவ்வொரு முகத்தையும் தனியாகக் காட்டும். மரத்தில் செதுக்கிய முகம் பக்கத்திலிருக்கும் இன்னொரு மர முகத்தைப் போலவே இருந்தாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள். எந்த முகத்துக்கு எந்தப் பொருள் என்பதை ஒரு பணக்காரச் சிறுமி விளையாட்டிலேயே கற்றுக்கொண்டாள்.

மேத்யூ சாரா தம்பதி 1749 முதல் 1751 வரை ஐரோப்பா சுற்றினார்கள். ரோமில் பாம்பியோ பட்டோனி என்ற புகழ்பெற்ற ஓவியரை வைத்துத் தங்களையும் தங்கள் உறவினரையும் வரைந்துகொண்டு வந்தார்கள். வீட்டின் பெரிய கூடத்தை வெள்ளையும் பொன்னுமாக இழைத்தார்கள். 1754 டிசம்பரில் ஹாரி பிறந்தார். வேறு பிள்ளை இல்லை. 1774இல் மேத்யூ இறந்தபோது பத்தொன்பது வயது மகனுக்குப் பட்டமும் பண்ணையும் வந்தன.

அடுத்து வரும் பெண்ணின் பெயர் வம்சாவளியில் இல்லை. செஷைர் பகுதிக் கிராமம் ஒன்றில் கொல்லன் மகளாக 1765இல் பிறந்தாள். கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பன் இறந்துபோனான். பிழைப்புக்காக லண்டனுக்கு வந்து வீட்டுவேலை செய்தாள். பதினைந்து வயதளவில் ஹாரி அவளை அப்பார்க்குக்குக் கூட்டிவந்தார். அவள் பெயர் எம்மா. ஹாரியின் நண்பர்களுக்கு முன்னால் அவள் சாப்பாட்டு மேசைமேல் ஏறி ஆடினாள் என்ற கதையை அந்த வீட்டைப் பற்றிப் பேசும் எவரும் விடுவதில்லை. எனக்கு அந்தக் கதையில் மேசை தெரியவில்லை. சுற்றி உட்கார்ந்திருக்கும் ஆண்களின் வயதும், நடுவில் நிற்பவளின் வயதும்தான் தெரிகின்றன.

1781இன் இறுதியில் எம்மா கருவுற்றிருந்தாள். ஹாரி அவளை அனுப்பிவிட்டார். அடுத்த ஜனவரியில் ஹாரியின் நண்பர் சார்லஸ் கிரெவிலுக்கு அவள் எழுதிய கடிதம் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. எழுத்துப் பிழைகள் மலிந்த, பதறிப்போன கடிதம். ஹாரிக்கு ஏழு கடிதம் எழுதியும் ஒன்றுக்கும் பதில் இல்லை என்று அதில் சொல்கிறாள். குழந்தையின் தந்தை ஹாரிதான் என்று பலரும் கருதுகிறார்கள். அந்தப் பெண்குழந்தை எம்மாவின் பாட்டியிடம் வளர்ந்தது. தாயோடு சேர்ந்து வாழும் வாழ்க்கை அதற்கு அமையவில்லை.

எம்மா பிறகு கிரெவிலின் பொறுப்பில் வாழ்ந்ததும், ஓவியர் ராம்னி அவரை மீண்டும் மீண்டும் வரைந்ததும், கிரெவில் அவரை நேப்பிள்ஸிலிருந்த தன் மாமா சர் வில்லியம் ஹாமில்டனிடம் அனுப்பிவைத்ததும், 1791இல் அவர் லேடி ஹாமில்டன் ஆனதும், கடற்படைத் தளபதி நெல்சனின் காதலியாக ஐரோப்பா முழுவதும் பேசப்பட்டதும் எல்லோரும் அறிந்த வரலாறு. ஹாமில்டனும் நெல்சனும் போனபின் கடன் அவரைச் சிறைவரை துரத்தியது. 1815 ஜனவரியில் பிரான்சின் கலே துறைமுகத்தில் வறுமையில் இறந்தார். முதுமையை நெருங்கிய ஹாரி அவருக்கு நட்பாகக் கடிதம் எழுதியதுண்டு. அந்த ஏழு கடிதங்களுக்கு உரிய காலத்தில் எழுதியிருக்க வேண்டிய பதில்கள் அவை.

ஹாரி நெடுங்காலம் மணம் செய்யாமலே வாழ்ந்தார். வேல்ஸ் இளவரசர் அவர் விருந்தினர், குன்றுமேல் குதிரைப் பந்தயங்கள், மேசையில் பிரெஞ்சுச் சமையல். பின்னர் அந்த நட்புகள் தளர்ந்தன. ஹம்ஃப்ரி ரெப்டன் என்ற தோட்டக் கலைஞரை வைத்து வீட்டையும் தோட்டத்தையும் செப்பனிட்டுக்கொண்டு, படிப்பும் தனிமையுமாக இருந்தார். எழுபது வயதில், பால் அறையிலிருந்து ஒரு பெண் பாடுவதைக் கேட்டார் என்கிறது குடும்பக் கதை. மேரி ஆன் புல்லக்குக்கு அப்போது இருபதை ஒட்டிய வயது. மணந்துகொள்ளச் சம்மதமா என்று ஹாரி கேட்டாராம். உடனே பதில் சொல்ல வேண்டாம், சம்மதமென்றால் இன்றிரவு என் மேசைக்கு வரும் ஆட்டுத் தொடையில் ஒரு துண்டு வெட்டி எடுத்துவிடு என்றாராம். அன்றிரவு தொடைக்கறி ஒரு துண்டு குறைந்து வந்ததாம்.

1825 செப்டம்பரில் மாளிகையின் பெரிய கூடத்திலேயே திருமணம் நடந்தது. மேரி ஆனை பாரிசுக்கு அனுப்பி எழுத்தும் பழக்கவழக்கமும் கற்க ஏற்பாடு செய்தார்கள். தங்கை ஃப்ரான்சிஸும் அந்த வீட்டில் வளர வந்தார். சுற்றுவட்டாரம் சிரித்தது. ஹாரியே தன் வேட்டைக் காவலரிடம், தான் மடத்தனம் செய்துவிட்டதாகச் சொன்னார் என்றும் ஒரு கதை உண்டு. எழுபது வயதுக்காரர் வாய்விட்டுச் சொன்னதைவிட, தொண்ணூறு வயதுக்காரர் கையெழுத்திட்டதை நான் நம்புகிறேன். இருபத்தோரு ஆண்டு இல்லறத்துக்குப் பின் அவர் எல்லாவற்றையும் அந்தப் பெண்ணிடம் விட்டுப் போனார்.

1781ஐயும் 1825ஐயும் அருகருகே வைத்துப் பார்க்காமல் இந்தக் குடும்பத்தைப் பற்றி நேர்மையாகப் பேச முடியாது. ஒரே வீடு, ஒரே ஆண். இரண்டு உழைக்கும் குடும்பத்துப் பெண்கள், இருவரும் இளையவர்கள். ஒருத்தி கருவோடு வெளியே போனாள், இன்னொருவர் லேடி ஆனார். இடையில் நாற்பத்து நான்கு ஆண்டுகள். முதல் பாவத்துக்கு இரண்டாவது பிராயச்சித்தம் என்று எழுத மனம் விரும்புகிறது. ஆனால் ஹாரியின் நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்பதற்கு ஆவணம் இல்லை, சட்டம் என்ன செய்தது என்பதற்கு இருக்கிறது. எம்மாவின் குழந்தைக்குச் சட்டத்தின் முன் தகப்பன் கிடையாது, எம்மாவுக்கு அந்த வீட்டின்மேல் எந்தப் பாத்தியதையும் கிடையாது. மேரி ஆனுக்கு ஒரு பாதிரியாரும் ஒரு பதிவேடும் கிடைத்தார்கள், அது போதுமாக இருந்தது. இருபதுகளில் இருந்த ஹாரிக்கு முன்னால் நல்லதொரு சம்பந்தம், வாரிசு, பட்டத்தின் எதிர்காலம் எல்லாம் காத்திருந்தன. கொல்லன் மகளுக்கு அங்கே இடமில்லை. எழுபது வயது ஹாரிக்குக் காக்க வேண்டிய எதிர்காலம் எதுவும் மிச்சமில்லை. வம்சத்தைத் தொடரும் ஆசை கழன்ற பிறகே பால் அறைப் பெண்ணுக்குக் கதவு திறந்தது.

பட்டத்தின் விதியில் பெண்ணுக்கு இடமில்லை. உயிலில் இருந்தது. மகன் இல்லாததால் பட்டம் போனது, அதே காரணத்தால் நிலத்தைக் கட்டிப்போடக் காத்திருந்த அடுத்த தலைமுறையும் இல்லை. மணமான பெண்கள் தங்கள் சொத்தைத் தாங்களே ஆளும் உரிமையை நாடாளுமன்றம் 1882இல்தான் முழுமையாக வழங்கியது. அதற்கு முன்பும் விதவைக்கும் மணமாகாத பெண்ணுக்கும் அந்தத் தடை கிடையாது. மேரி ஆன் விதவையாக 1874 வரை, ஃப்ரான்சிஸ் மணமாகாத பெண்ணாக 1895 வரை, ஆக இரண்டு சகோதரிகள் கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு அப்பார்க்கை ஆண்டார்கள். இரண்டு பேரோனெட்டுகளும் சேர்ந்து ஆண்டதில் பாதி காலம்.

அவர்கள் செய்த பெரிய காரியம், எதையும் மாற்றாமல் இருந்தது. சர் ஹாரி விட்டுப்போனபடியே எல்லாம் இருக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. விக்டோரியா காலம் இங்கிலாந்தின் பழைய மாளிகைகளை இடித்துப் பெருக்கியும் இருண்ட மரச் சாமான்களால் நிரப்பியும் வந்த நாள்களில், அப்பார்க்கின் பதினெட்டாம் நூற்றாண்டுத் திரைகளும் சுவர்த்தாள்களும் கம்பளங்களும் அதே இடத்தில் வெளுத்துக்கொண்டிருந்தன. பிறப்பால் அந்த வீட்டுக்கு உரியவர் ஒருவர் இருந்திருந்தால், அது தன்னுடையது என்ற சுவாதீனத்தில் தன் காலத்து நாகரிகத்துக்கு மாற்றியிருப்பார். அதை ஒரு கொடையாகப் பெற்றவர்கள் கொடையாகவே காத்தார்கள்.

ஆனாலும் அந்த வீட்டின் மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் நடுவிலிருந்த கோடு அழியவில்லை. அதை அருகிலிருந்து பார்த்தவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். அவருடைய தாய் சாரா நீல் 1850இல் ஃப்ரான்சிஸின் பணிப்பெண்ணாக அங்கே வந்தவர். தோட்டக்காரர் ஜோசஃப் வெல்ஸை அங்கேதான் சந்தித்தார், 1853இல் மணந்தார். கணவரின் கடை நொடித்துப்போன காலத்தில், 1880இல், ஃப்ரான்சிஸ் தன் பழைய பணிப்பெண்ணை வீட்டு நிர்வாகியாக அழைத்துக்கொண்டார். மகன் விடுமுறைக்கும் நோய்க்கும் அங்கே வந்து தங்கினான். வேலைக்காரர்கள் எஜமானர்களின் கண்ணில் படாமல் சமையலறைக்கும் லாயத்துக்கும் போய்வரக் கட்டிய நிலவறைப் பாதைகளில் நடந்தான். பரணில் ஒரு தொலைநோக்கியைக் கண்டெடுத்துப் பொருத்திச் சேர்த்தான். ஹாரி சேர்த்த நூல்களில் பிளேட்டோவைப் படித்தான். நிலவுடைமைச் சமூகத்தின்மேல் அவன் கொண்ட கோபம் அங்கே பிறந்தது. அந்தக் கோபத்துக்கு வேண்டிய அறிவும் அதே வீட்டின் அலமாரியிலிருந்து வந்தது. 1909இல் வெளியான ‘டோனோ-பங்கே’ நாவலில் வரும் பிளேட்ஸோவர் மாளிகை அப்பார்க்தான், கதை சொல்பவன் அதன் நிர்வாகிப் பெண்ணின் மகன்.

சாரா வெல்ஸை 1893இல் ஃப்ரான்சிஸ் வேலையிலிருந்து நீக்கினார். இதைச் சொல்லாமல் சகோதரிகளைப் புகழ எனக்கு மனமில்லை. பால் அறையிலிருந்து வந்த குடும்பத்தின் மகளே, தன் முதிய பணிப்பெண்ணை வீட்டைவிட்டு அனுப்பினார். மர முகத்திலிருந்து மெழுகு முகத்துக்கு ஒருவர் இருவர் மாறிப்போகலாம், பொம்மை வீடு மாறுவதில்லை. திருமணம் மேரி ஆனையும் ஃப்ரான்சிஸையும் மேலே தூக்கியது. அவர்களைத் தூக்கிய கை, கீழே இருந்த மற்ற எவரையும் தொடவில்லை. தனியொருவரின் உயர்வைச் சமூகத்தின் மாற்றம் என்று எண்ணும் ஆசை நமக்கு உண்டு. அப்பார்க்கின் கீழ்த்தளம் அந்த ஆசையைத் திருத்துகிறது.

ஃப்ரான்சிஸுக்கும் பிள்ளை இல்லை. 1746இல் சர் ஹென்றி செய்ததையே அவரும் செய்தார். பிரபுக் குடும்பங்களில் பிறந்த நண்பர்களின் பிள்ளைகள் இருவரைத் தேர்ந்தார். முதலில் கீத் டர்னர், அவருடைய ஆயுளுக்குப் பின் ஹெர்பர்ட் மீட். வீட்டை ஏற்பவர் ஃபெதர்ஸ்டன்ஹா என்ற பெயரையும் ஏற்க வேண்டும். பிறவியில் புல்லக்காக இருந்த பெண், பிரபுவின் மகனுக்குத் தன் அக்காள் கணவரின் பெயரைச் சூட்டினார். அந்தப் பெயர் இன்றுவரை அந்த இடத்தோடு ஒட்டியிருப்பது அவர் போட்ட நிபந்தனையால்.

கடற்படைத் தளபதியான ஹெர்பர்ட் மீட்-ஃபெதர்ஸ்டன்ஹா 1930களின் தொடக்கத்தில் குடிவந்தபோது, திரைச்சீலைகள் தொட்டால் உதிரும் நிலையில் இருந்தன. அவர் மனைவி மார்கரெட் அவற்றைத் தூக்கி எறியவில்லை. நுரை தரும் சபோனேரியா என்ற மூலிகைச் செடியைப் பயிரிட்டு, கொதிக்கவைத்து, அந்த நீரில் துணிகளை அலசி, கிழிந்த இழைகளை ஆண்டுக்கணக்கில் கையால் தைத்தார். ஆக அந்த வீட்டுக்குள் திருமணத்தால் வந்த இன்னொரு பெண், தனக்கு இரத்த உறவு எதுவும் இல்லாதவர்களின் திரைகளுக்கு உயிர் கொடுத்தார். 1954இல் மாளிகை, மரபிடங்களைக் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் பொறுப்புக்கு வந்தது.

1989 ஆகஸ்ட் 30 அன்று, கூரையின் ஈயத்தகடுகளைப் பழுதுபார்க்கும் வேலை முடியும் தறுவாயில், பற்றவைப்புச் சுடரிலிருந்து தீப்பிடித்தது. கூரையும் மேல்தளங்களும் எரிந்து விழுந்தன. குடும்பத்தினர், பணியாளர்கள், தீயணைப்பு வீரர்கள் வரிசையாக நின்று கீழ்த்தளத்து ஓவியங்களையும் சாமான்களையும் கைமாற்றிப் புல்வெளிக்குக் கொண்டுவந்தார்கள். பட்டோனி வரைந்த முகங்கள் தப்பின, சாராவின் பொம்மை வீடும் தப்பியது. புதிதாகக் கட்டுவதா, இடிபாடாக விடுவதா என்ற விவாதத்துக்குப் பின், தீப்பிடிப்பதற்கு முந்தைய நாள் வீடு எப்படியிருந்ததோ அப்படியே மீட்பது என்று முடிவானது. வழக்கொழிந்துபோன சுதைவேலையையும் மரச்செதுக்கையும் கைவினைஞர்கள் மறுபடி கற்றார்கள். 1995இல் வீடு திறந்தது. பொன்னும் வெள்ளையுமாகப் பளபளக்கும் 1750ஐ அவர்கள் தேடவில்லை. சகோதரிகள் வெளுக்கவிட்டதையும், மார்கரெட் ஒட்டுப்போட்டதையும் சேர்த்தே மீட்டார்கள். காத்தவர்களின் கைரேகையும் அந்த வீட்டின் வரலாறு என்று ஒப்புக்கொண்ட முடிவு அது.

அந்த ஒப்புதல் வம்சாவளிகளுக்கும் வர வேண்டும் என்பதே என் கட்சி. பெற்றவர், பிறந்தவர் என்று மட்டும் எண்ணினால் இந்தக் குடும்பம் இரண்டு ஆண்களோடு முடிகிறது. காத்தவர் யார் என்று கேட்டால் வரிசை நீள்கிறது. உயில் எழுதிய பிள்ளையற்றவர், அகதி வழிவந்த வணிகர் மகள், பால் அறைப் பெண், அவர் தங்கை, பதின்மூன்று ஆண்டு சாவிக்கொத்தைச் சுமந்த வேலைக்காரி, மூலிகை நீரில் துணி அலசிய மருமகள், புல்வெளியில் கைமாற்றி நின்ற பெயர் தெரியாதவர்கள். இந்த வரிசையில் எம்மாவுக்கும் இடம் வேண்டும். அவர் எதையும் காக்கவில்லை, காக்க எதையும் அவரிடம் யாரும் தரவில்லை. ஆனால் ஒரு குடும்பம் யாரை உள்ளே சேர்த்துக்கொண்டது என்று எழுதுபவர், யாரை வெளியே அனுப்பியது என்பதையும் எழுதக் கடமைப்பட்டவர். ஹாரியின் இரண்டு முடிவுகளும் அந்தக் குடும்பத்தின் முடிவுகளே. பதிவேட்டில் ஏறிய திருமணத்துக்கு ஒரு வரி உண்டென்றால், பதில் வராத ஏழு கடிதங்களுக்கும் அதே பக்கத்தில் ஒரு வரி உண்டு.